ஸ்டைலாய்டு முனை: மண்டையோட்டில் கண்டுபிடிப்பது எப்படி, நோயாளியிடம் சந்தேகிப்பது எப்படி

தொண்டையில் ஒரு பக்கம் மட்டும் வலி. எச்சில் விழுங்கும்போது முள் சிக்கியதுபோல ஓர் உறுத்தல், கூடவே அதே பக்கக் காதுக்குள் குடைச்சல். டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டையில் ஒன்றும் இல்லை, காதும் சுத்தமாக இருக்கிறது, பல்லிலும் குறை தெரியவில்லை. இப்படி ஒவ்வொரு டாக்டராகப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைபவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குக் காரணம், பொட்டெலும்பின் அடியிலிருந்து கீழ்நோக்கி நீளும் மெல்லிய ஒரு முனை. அதுதான் ஸ்டைலாய்டு முனை.

மருத்துவப் பாடத்தில் இதற்கு அரைப் பக்கம்தான் கிடைக்கும். ஐந்து பெயர்களை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அப்படிப் படித்தால் வார்டில் ஒரு நோயாளி எதிரில் உட்காரும்போது இந்த எலும்பு நினைவுக்கே வராது. முதலில் கையால் தொட்டுக் கண்டுபிடியுங்கள், அப்புறம் அதில் எது ஒட்டுகிறது என்று பாருங்கள், அப்புறம் அக்கம்பக்கத்தில் யார் யார் போகிறார்கள் என்று பாருங்கள், நோய் எல்லாம் கடைசியில். இந்த வரிசையில் போனால் நோய்க்குறிகளைத் தனியாக மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை, தானாக வந்துவிடும்.

மண்டையோட்டில் தேடுவது

மண்டையோட்டைக் கவிழ்த்து, அடிப்பாகம் மேலே தெரியும்படி பிடித்துக்கொள்ளுங்கள். காதுத் துளைக்குப் பின்னால் பெரிய புடைப்பாக இருப்பது மாஸ்டாய்டு. உங்கள் காதுமடலுக்குப் பின்னால் விரலை வைத்தால் இப்போதே தட்டுப்படும். அதன் உள்பக்கத்தில் ஓர் ஆழமான பள்ளம் முன்னும் பின்னுமாக ஓடும். டைகாஸ்ட்ரிக் தசையின் பின்பகுதி அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்தப் பள்ளத்தில் விரல் நகத்தை வைத்து முன்பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தால் ஒரு சின்னத் துளையில் போய் நிற்கும். அது ஸ்டைலோமாஸ்டாய்டு துளை, முகநரம்பு மண்டையோட்டை விட்டு வெளியே வரும் வாசல். அந்தத் துளைக்குச் சற்று முன்னால் நிற்பதுதான் நாம் தேடும் முனை. அதன் அடிப்பகுதியை, காதுத் துளையின் சுவராக அமையும் டிம்பானிக் தகட்டின் மெல்லிய எலும்பு ஓர் உறைபோலச் சுற்றியிருக்கும். அங்கிருந்து அது கீழே, முன்னே, கொஞ்சம் உள்ளே என்று மூன்று திசையிலும் சாய்ந்து போகும்.

நிறைய மண்டையோடுகளில் இது இருக்காது, உடைந்துபோயிருக்கும். பல பேர் கைமாறிய மண்டையோடு என்றால் உறைக்குள் ஒரு குட்டையான அடி மட்டும் மிஞ்சியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'இதில் ஸ்டைலாய்டே இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். உடைந்த இடத்தில் எலும்பு சொரசொரப்பாக இருக்கும், இயல்பாக முடிந்த நுனி வழவழப்பாகக் கூர்ந்திருக்கும், விரல் நுனியால் தடவினாலே வித்தியாசம் தெரியும். மண்டையோட்டைக் கடினமான மேசையில் நேரடியாக வைக்காமல் துணியை வளையமாகச் சுருட்டி அதன்மேல் வையுங்கள். ஸ்டைலாய்டும், அண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் டெரிகாய்டு கொக்கியும்தான் முதலில் உடைந்து போகும்.

அதே இடத்தில் இன்னும் ஒரு நிமிடம் செலவிடுங்கள். மெல்லிய ஒரு கம்பியை ஸ்டைலோமாஸ்டாய்டு துளைக்குள் லேசாக வைத்து, ஸ்டைலாய்டின் வெளிப்பக்கமாக முன்னோக்கி வளைத்துப் பாருங்கள். முகநரம்பு, காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியான பரோட்டிட்டுக்குள் நுழையும் பாதை அதுதான். அடுத்து ஸ்டைலாய்டின் உள்பக்கம் பாருங்கள். ஒழுங்கற்ற விளிம்புடன் பெரிய ஓட்டை ஒன்று தெரியும், அது ஜுகுலர் துளை, கழுத்தின் பெரிய சிரை தொடங்கும் இடம். அதற்கு முன்னால் வட்டமாக இருப்பது கரோட்டிட் குழாய், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் உள் கரோட்டிட் தமனி நுழையும் எலும்புப் பாதை. இவ்வளவும் ஏறக்குறைய ஒரு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இந்த நெருக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால், இவ்வளவு சின்ன எலும்பு ஏன் இத்தனை விதமான தொந்தரவு தருகிறது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

எது எது ஒட்டுகிறது, ஏன்

மூன்று தசைகள், இரண்டு லிகமென்ட்கள் (எலும்புகளை இணைக்கும் நார்ப்பட்டைகள்). தசைகள்: ஸ்டைலோஹயாய்டு, ஸ்டைலோஃபாரிஞ்சியஸ், ஸ்டைலோகிளாசஸ். முதலாவது, கழுத்தில் குரல்வளைக்கு மேலே இருக்கும் ஹயாய்டு எலும்பை மேலேயும் பின்னேயும் இழுக்கும், இரண்டாவது தொண்டைச் சுவரையும் குரல்வளையையும் தூக்கும், மூன்றாவது நாக்கை மேலே பின்னுக்கு இழுக்கும். சேர்த்துப் பார்த்தால் மூன்றுமே விழுங்கும் வேலையில் பங்கெடுப்பவை. அதனால்தான் இந்த எலும்பில் சிக்கல் வந்தால் விழுங்கும்போது வலிக்கிறது.

ஒரே எலும்பிலிருந்து கிளம்பும் மூன்று தசைகளுக்கும் மூன்று வெவ்வேறு நரம்புகள். ஸ்டைலோஹயாய்டுக்கு 7-ஆவது, ஸ்டைலோஃபாரிஞ்சியஸுக்கு 9-ஆவது, ஸ்டைலோகிளாசஸுக்கு 12-ஆவது மூளை நரம்பு. இதை வெறும் எண்ணாக நினைவில் வைப்பதைவிடக் கருவில் எங்கிருந்து வந்தவை என்று பார்த்தால் மறக்காது. ஸ்டைலோஹயாய்டு, கருவின் கழுத்துப் பகுதியில் தோன்றும் ஃபாரிஞ்சியல் வளைவுகளில் இரண்டாவதில் பிறந்தது, அந்த வளைவின் நரம்பு முகநரம்பு. ஸ்டைலோஃபாரிஞ்சியஸ் மூன்றாவது வளைவின் தசை, அதன் நரம்பு கிளாசோஃபாரிஞ்சியல். சொல்லப்போனால் அந்த நரம்பு இயக்கும் தசை உடம்பிலேயே இது ஒன்றுதான். ஸ்டைலோகிளாசஸோ நாக்கின் மற்ற தசைகளோடு சேர்ந்து பின்மண்டைப் பகுதியின் சோமைட்களிலிருந்து (கருவின் முதுகுப்பக்கத் திசுத் துண்டங்கள்) இடம்பெயர்ந்து வந்தது, ஆகவே அதன் நரம்பு ஹைபோகிளாசல்.

லிகமென்ட்களில் ஸ்டைலோமேண்டிபுலர் என்பது கீழ்த்தாடையின் கோணத்துக்குப் போகிறது. இது பரோட்டிட் சுரப்பியையும் தாடைக்கீழ்ச் சுரப்பியையும் பிரிக்கிறது, அறுவை சிகிச்சையில் இதை வெட்டிவிட்டால் தாடையை முன்னால் நகர்த்தி ஆழமான இடத்துக்குப் போக வழி கிடைக்கும். மற்றொன்று ஸ்டைலோஹயாய்டு லிகமென்ட், நுனியிலிருந்து ஹயாய்டு எலும்பின் சிறிய கொம்புவரை போவது. நோய் என்று வரும்போது முக்கியமானது இதுதான்.

ஏன் என்றால், ஸ்டைலாய்டு முனை, இந்த லிகமென்ட், ஹயாய்டின் சிறிய கொம்பு எல்லாமே கருவில் ஒரே குருத்தெலும்புக் கம்பியிலிருந்து வந்தவை. இரண்டாவது வளைவின் குருத்தெலும்பு அது, ரெய்கெர்ட் குருத்தெலும்பு என்று பெயர். காதுக்குள் இருக்கும் ஸ்டேப்பீஸ் எலும்பின் பெரும்பகுதியும் அதே கம்பியின் மேல்நுனியில் உருவாவதுதான். மனிதரில் நடுப்பகுதி நாராக மாறிவிடுகிறது. குதிரை, நாய் போன்ற விலங்குகளில் அந்த இடம் எலும்பாகவே நின்று, மண்டையோட்டையும் ஹயாய்டையும் ஒரு எலும்புச் சங்கிலியாக இணைக்கிறது. ஆக, ஒருவருக்கு அந்த லிகமென்ட்டில் எலும்பு படிந்து ஸ்டைலாய்டு நீண்டுபோனால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அந்தத் திசுவின் பழைய குணம் அது. அடிப்பகுதி பிறப்பதற்கு முன்பே எலும்பாகத் தொடங்கும், கீழ்ப்பகுதி பிறந்த பிறகு. இரண்டும் ஒன்றாக இணைவது பெரும்பாலும் பருவ வயதைத் தாண்டித்தான், சிலருக்கு இணைவதே இல்லை. ஸ்கேனில் நடுவில் ஓர் இடைவெளி தெரிந்தால் உடனே எலும்பு முறிவு என்று எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அக்கம்பக்கம்

ஸ்டைலாய்டும் அதன் தசைகளும் உள் கரோட்டிட் தமனிக்கும் வெளிக் கரோட்டிட் தமனிக்கும் நடுவில் புகுந்து போகின்றன. உள்பக்கம் உள் ஜுகுலர் சிரை, உள் கரோட்டிட், கூடவே 9, 10, 11, 12 ஆகிய நான்கு நரம்புகள். வெளிப்பக்கம் பரோட்டிட் சுரப்பியும் முகநரம்பும். நுனி டான்சில் குழிக்கு அருகில் வந்து நிற்கிறது.

தொண்டைக்குப் பக்கவாட்டில் இருக்கும் பாராஃபாரிஞ்சியல் இடத்தை இதே எலும்பும் அதன் தசை உறைகளும் முன்னறை, பின்னறை என்று இரண்டாகப் பிரிக்கின்றன. ஸ்கேன் படிக்கப் பழகுபவர்களுக்கு இது பொன்னான அடையாளம். முன்னறையில் பெரும்பாலும் கொழுப்பும் பரோட்டிட்டின் ஆழ்பகுதியும், பின்னறையில் பெரிய ரத்தக்குழாய்களும் நரம்புகளும். ஆகவே கட்டி முன்னறையில் இருந்தால் முதலில் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியை நினையுங்கள், அது உள் கரோட்டிட்டைப் பின்னால் தள்ளியிருக்கும். பின்னறை என்றால் நரம்புறைக் கட்டியான ஷ்வான்னோமா அல்லது ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் ஒட்டி வளரும் பாராகாங்லியோமா, அது பெரும்பாலும் கரோட்டிட்டை முன்னால் தள்ளியிருக்கும். கரோட்டிட் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே அநேகமாகக் கட்டியின் ஊர் தெரிந்துவிடும்.

உயிருள்ளவரிடம் தொட முடியுமா

வெளியிலிருந்து முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டாய்டு நுனிக்கும் தாடைக் கோணத்துக்கும் நடுவில் விரலை ஆழமாக அழுத்தினால் ஒரு கெட்டியான எலும்பு தட்டுப்படும், பலர் அதைத்தான் ஸ்டைலாய்டு என்று நினைக்கிறார்கள். சிலர் நெறிகட்டி என்று பயந்தும் வருகிறார்கள். அது முதல் கழுத்தெலும்பான அட்லஸின் பக்க நீட்சி. மெலிந்தவர்களிடம் நன்றாகவே தெரியும், தலையைத் திருப்பச் சொன்னால் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் மாறும்.

ஸ்டைலாய்டைத் தொட வேண்டுமென்றால் வாய் வழியாகத்தான், அதுவும் டான்சில் குழியில், அதுவும் அது நீண்டிருந்தால் மட்டுமே. சாதாரண நீளத்தில் இருப்பது விரலுக்கு எட்டாது.

எவ்வளவு நீளம் என்றால் அதிகம்

சாதாரணமாக 2 முதல் 3 சென்டிமீட்டர். 3-ஐத் தாண்டினால் நீண்டது என்று பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த வாட் ஈகிள் 1937-இல் இந்த நோயைப் பற்றி எழுதினார், அவர் பெயரிலேயே ஈகிள் சிண்ட்ரோம் என்று நிலைத்துவிட்டது. அவர் சொன்னதாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்குப்படி 100 பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு ஸ்டைலாய்டு நீண்டிருக்கும், அப்படி நீண்டவர்களிலும் ஏறக்குறைய 4 சதவீதத்தினருக்குத்தான் தொந்தரவு வரும். பின்னால் வந்த எக்ஸ்ரே, ஸ்கேன் ஆய்வுகளில் நீண்ட ஸ்டைலாய்டு இதைவிட அதிகமானவர்களிடம் தென்பட்டிருக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. படத்தில் எலும்பு நீளமாகத் தெரிவது நோய் அல்ல. பல்லுக்காக எடுத்த ஓ.பி.ஜி.யில் (தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரே) தற்செயலாக நீண்ட ஸ்டைலாய்டு தெரிந்து, ரிப்போர்ட்டில் அந்த வரியைப் படித்துவிட்டு, அதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவர் தொண்டையை ஓயாமல் கவனிக்கத் தொடங்கிவிடுவார், அப்புறம் உறுத்தல் இல்லாமலா இருக்கும்! அறிகுறி இருக்க வேண்டும், அது இந்த எலும்பு இருக்கும் பக்கத்தோடு பொருந்த வேண்டும், பரிசோதனையில் அதே வலி திரும்ப வர வேண்டும். மூன்றும் சேராமல் எலும்பின்மேல் பழி போடாதீர்கள். நீளத்தைவிடச் சில சமயம் சாய்வுதான் முக்கியம். அளவாக இருந்தும் உள்பக்கமாக அதிகம் வளைந்த ஒன்று கரோட்டிட்டை உரசலாம்.

எப்போது சந்தேகிக்க வேண்டும்

முதல் வகை தொண்டை வகை. ஆரம்பத்தில் சொன்ன அதே கதைதான்: ஒரு பக்கத் தொண்டை வலி, ஏதோ சிக்கிய உணர்வு, விழுங்கச் சிரமம், காது வலி. கொட்டாவி விடும்போதோ தலையைத் திருப்பும்போதோ அதிகமாகும். டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தொடங்கியது என்று சிலர் சொல்வார்கள், அங்கே உண்டாகும் தழும்பு பக்கத்தில் உள்ள நரம்புகளை இழுப்பதாக விளக்கம். காது ஏன் வலிக்கிறது என்றால், தொண்டைக்கு உணர்வு தரும் கிளாசோஃபாரிஞ்சியல் நரம்பின் ஒரு கிளைதான் நடுக்காதுக்கும் போகிறது. மூளைக்கு வலி எங்கிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை.

இரண்டாவது ரத்தக்குழாய் வகை, இதற்கு டான்சில் எடுத்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. உள் கரோட்டிட்டை உரசினால் கண்ணுக்குப் பின்னாலும் தலையின் பக்கவாட்டிலும் வலி, வெளிக் கரோட்டிட் என்றால் கண்ணுக்குக் கீழே முகத்தில் வலி. அரிதாக, தலையைத் திருப்பும்போது மயக்கம் வரலாம், தமனியின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம்கூட வரலாம். கழுத்தைத் திருப்பினால் கண் இருட்டுகிறது, பேச்சு குழறுகிறது, ஒரு பக்கக் கை கால் பலவீனமாகிறது என்று யாராவது சொன்னால், ஸ்டைலாய்டு நீளத்தை ஆராய்ந்துகொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள். ஸ்டைலாய்டுக்கும் அட்லஸின் பக்க நீட்சிக்கும் நடுவில் ஜுகுலர் சிரை நசுங்கி, தலைவலியும் காதில் நாடித்துடிப்புபோன்ற இரைச்சலும் வருவது இன்னொரு வகை, இதைச் சமீப காலமாக அதிகம் பேசுகிறார்கள்.

ஈகிள் என்று முடிவு செய்வதற்கு முன்னால் தள்ளிவைக்க வேண்டியவற்றைத் தள்ளிவைத்தே ஆக வேண்டும். ஒரு பக்கத் தொண்டை வலியும் அதே பக்கக் காது வலியும் டான்சில், அடிநாக்கு, ஹைபோஃபாரிங்ஸ் (தொண்டையின் கீழ்ப்பகுதி) புற்றுநோயிலும் அப்படியே வரும். எடை குறைவு, கழுத்தில் கட்டி, குரல் மாற்றம், எச்சிலில் ரத்தம், புகையிலைப் பழக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் எண்டோஸ்கோப் வைத்துத் தொண்டையை முழுமையாகப் பார்க்காமல் ஈகிள் என்ற பெயரை எடுக்கவே கூடாது. எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை பார்த்துவிடுவதுதான் என் கருத்து. இவை போக, முளைக்காமல் சிக்கிய கடைவாய்ப்பல், தாடை மூட்டுக் கோளாறு, அமிலம் மேலே வருவது எல்லாம் பட்டியலில் உண்டு.

மிக அதிகமாகக் குழப்புவது கிளாசோஃபாரிஞ்சியல் நியூரால்ஜியா, அதாவது அந்த நரம்பிலேயே எழும் வலி. நேரம் கேளுங்கள், பாதி தெளிவாகிவிடும். நியூரால்ஜியா வலி கரண்ட் அடித்ததுபோல வந்து சில நொடிகளிலோ ஓரிரு நிமிடத்திலோ நின்றுவிடும். ஈகிள் வலி பெரும்பாலும் மந்தமாக நாள் முழுக்க இருந்துகொண்டே இருக்கும்.

பரிசோதனை

நோயாளியிடம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், குமட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கையுறை போட்டு, தேவையானால் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்து, சுட்டுவிரலை டான்சில் குழிக்குள் கொண்டுபோய்ப் பக்கவாட்டாகவும் பின்னாகவும் மெதுவாக அழுத்துங்கள். கெட்டியான, கூர்மையான ஒன்று தட்டுப்பட்டு, 'இதே வலிதான்' என்று நோயாளி சொன்னால் அது நல்ல ஆதாரம். மறுபக்கமும் அதேபோல அழுத்திப் பார்த்து ஒப்பிடுங்கள். கரோட்டிட் தொடர்பான அறிகுறி இருப்பவரிடம் இந்த அழுத்தும் வேலை வேண்டாம், நேராக ஸ்கேனுக்குப் போங்கள்.

அந்த இடத்தில் லிக்னோகெய்ன் ஊசி போட்டு வலி அடங்குகிறதா என்று பார்ப்பது அடுத்த படி. அடங்கினால் சந்தேகம் வலுக்கும், ஆனால் உறுதியாகிவிடாது. அதே மருந்து கிளாசோஃபாரிஞ்சியல் நரம்பையும் மரத்துப்போகச் செய்வதால் நியூரால்ஜியா வலியும் அடங்கிவிடும். இதை மறந்துவிட்டு, ஊசிக்கு வலி போனது என்ற ஒரே காரணத்துக்காக அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது தவறு.

படம் என்றால் ஓ.பி.ஜி. மலிவான, எளிதான முதல் படி, ஆனால் அதில் உருப்பெருக்கம் உண்டு, சாய்வும் தெரியாது. முப்பரிமாண சி.டி.தான் நம்பகமானது. ரத்தக்குழாய் வகையைச் சந்தேகித்தால் சி.டி. ஆஞ்சியோகிராம், முடிந்தால் தலையைத் திருப்பிய நிலையிலும் எடுக்கச் சொல்லுங்கள். நேராக வைத்திருக்கும்போது விலகியிருக்கும் எலும்பு, திருப்பும்போது மட்டும் குழாயை அழுத்தலாம். நீளத்தை அளக்கும்போது டிம்பானிக் தகட்டை விட்டு வெளியே வரும் இடத்திலிருந்து நுனிவரை, எலும்பின் சாய்வை ஒட்டிய வெட்டில் அளக்க வேண்டும். நேர்குத்தான வெட்டில் அளந்தால் குறைவாக வரும்.

சிகிச்சை

முதலில் மருந்துதான். வலி, வீக்கம் குறைக்கும் மாத்திரை, நரம்பு வலிக்குக் கொடுக்கும் கேபபென்டின், கார்பமாசெபைன் போன்றவை, சிலருக்கு ஸ்டீராய்டு கலந்த ஊசி. நிறையப் பேருக்கு, 'காரணம் இந்த எலும்புதான், புற்றுநோய் இல்லை' என்று தெளிவாகச் சொன்னாலே பாதி பாரம் இறங்கிவிடுகிறது. ஒரு காலத்தில் டான்சில் குழி வழியாக விரலால் அழுத்தி அந்த எலும்பை முறித்துவிடும் பழக்கம் இருந்தது. பெரிய ரத்தக்குழாய்களுக்கு அவ்வளவு பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு எலும்பை உடைப்பது ஆபத்து, வேண்டவே வேண்டாம்.

மருந்துக்கு அடங்காவிட்டால் எலும்பை வெட்டிக் குறுக்கும் ஸ்டைலாய்டெக்டமி. வாய் வழியாகச் செய்தால் வெளியே தழும்பு இருக்காது, நேரமும் குறைவு. ஆனால் இடம் குறுகல், ரத்தம் கசிந்தால் கட்டுப்படுத்துவது கஷ்டம், கழுத்தின் ஆழத்தில் கிருமித்தொற்று வர வாய்ப்பு உண்டு, ஸ்டைலோஃபாரிஞ்சியஸைச் சுற்றி வளைந்து போகும் கிளாசோஃபாரிஞ்சியல் நரம்புக்கும் அடிபடலாம். கழுத்து வழியாகப் போனால் எல்லாம் தெளிவாகத் தெரியும், எலும்பை அடிவரை எடுக்கலாம், ரத்தக்குழாய் வகைக்குப் பலரும் இதைத்தான் விரும்புகிறார்கள். பதிலுக்குத் தழும்பும், கீழுதட்டை அசைக்கும் முகநரம்புக் கிளைக்கு ஆபத்தும் உண்டு. இரண்டில் எது என்பது எலும்பின் நீளம், சாய்வு, எந்த வகை, அறுவை சிகிச்சை செய்பவரின் கைப்பழக்கம் எல்லாவற்றையும் பொறுத்தது. எதுவானாலும், எலும்பை எடுத்த பிறகும் சிலருக்கு வலி மிஞ்சலாம் என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்.